கதிரை தெரியாத உடம்பு

முதலில் எனக்குக் கதிரை தெரியாமல் போனது.

காலைச் சாப்பாட்டுக்குக் குசினிக்கு வந்து மேசையடியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இருந்துவிட்டேன் என்பதைக் குனிந்து பார்த்துத்தான் அறிந்தேன். கீழே கதிரைப் பலகை இருந்தது. அதன் மேல் நான் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. காற்றில் இருப்பதுபோல என்று சொல்லலாம், ஆனால் காற்றாவது தெரியும்.

அதற்கு முந்தின நாள் ஒரு லொறியின் கியர்பொக்ஸைத் தனியாகத் தூக்கி இறக்கியிருந்தேன். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ன் ஃபுட்ஸ்கிரேயில் அதைத் தனியாகத் தூக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் ஊற்றுகிறவனாக வந்து இறங்கி, சொந்தக் கராஜ் வைத்தவன். என் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்தார்கள். அப்படிப்பட்டவனுக்கு அதை இறக்கி வைக்கும்போது இடுப்பில் ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மத்தியானம் சிறுநீர் வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. என் மனைவி பவளம் என்னைக் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னாள். இந்த ஒன்றை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உட்காருகிற இடம் மரத்து, சிறுநீரும் நின்றால் விடியும்வரை பார்ப்போம் என்று படுக்க வேண்டாம். அந்த நேரமே போங்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர்களில் ஒருவர் நம்மவர். இராசநாயகம் என்று பெயர், யாழ்ப்பாணம் உரும்பிராய்ப் பிள்ளை. மயலோகிராம் (முதுகெலும்புக்குள் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்றே) எடுத்தார்கள். டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை) ஒன்று பிதுங்கி, கோடா எக்வைனா (முதுகின் அடியில் குதிரை வால்போலப் பிரிந்து இறங்கும் நரம்புக் கற்றை) மீது ஏறி இருந்தது. அன்றைக்கே லமினெக்டமி (முள்ளெலும்பின் பின்பக்கத் தகட்டை வெட்டித் திறக்கும் அறுவை) செய்தார்கள்.

மயக்கம் தெளிந்த பிறகு இராசநாயகம் ஒரு குண்டூசியோடு வந்தார். கால், தொடை, பின்புறம் என்று குத்திக்கொண்டே போனார்.

“இது குத்துதோ அண்ணை?”

“குத்துது.”

“இது?”

“எது?”

அவர் ஊசியைச் சட்டைக் கழுத்தில் செருகிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் இருந்தார். “கால் வரும். மூத்திரமும் வரும். மரத்த இடத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது. வரலாம், வராமலும் விடலாம்.”

“குடும்ப விஷயம்?”

“அதையும் சொல்லேலாது அண்ணை.”

அவர் சொன்னதுபோலவே கால் வந்தது. கதீற்றரை (சிறுநீர் இறக்கும் குழாய்) கழற்றினார்கள். பொல்லை ஊன்றி நடந்தேன், பிறகு பொல்லை எறிந்தேன். கராஜுக்குத் திரும்பினபோது பெடியள் கைதட்டினார்கள். வெளியில் பார்த்தால் சுகமான மனிதன்.

நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நழுவிவிடுகிறார்கள். நான் நழுவமாட்டேன். குதிரையில் ஏறி இருந்தால் சேணம் படுகிற இடம் எதுவோ, அவ்வளவும் எனக்கு இல்லாமல் போயிருந்தது. தொடையின் உட்பக்கம், பின்புறம், ஆண் உறுப்பு. குளிக்கும்போது அவற்றைக் கழுவுவது வேறொருவரின் சாமானைக் கழுவுவதுபோல இருந்தது. துக்கமும் வரவில்லை. துக்கம் வருகிற இடமும் மரத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பவளம் மற்ற அறைக்கு மெத்தையைக் கொண்டுபோனாள். “உங்கட முதுகுக்கு இடம் வேணும்” என்றாள். முதுகு ஆறியும் மெத்தை திரும்பி வரவில்லை. நடந்து போகையில் என் தோளில் கை வைப்பவள், அதையும் விட்டுவிட்டாள். தோள் எனக்கு நன்றாகத் தெரியும். மரத்தது கீழேதான். ஆனாலும் விட்டுவிட்டாள்.

அவள் திரும்பி என் பக்கத்தில் வருவாளா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. மற்றதெல்லாவற்றையும் ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது.

இராசநாயகத்தைக் கேட்டேன். “தொட்டுத் தொட்டுப் பழக்கினால் சில பேருக்கு நரம்பு கொஞ்சம் திரும்பப் படிக்கும்” என்றார். “அதுக்கு எங்களிட்டை ஆக்கள் இல்லை. வெளியிலைதான் தேடவேணும்.”

தேடுவதில் நான் கெட்டிக்காரன். உள்ளூர்ப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மசாஜ் என்று போட்டு விளம்பரங்கள் வரிசையாக இருந்தன. நம் ஊரில் கை கால் முறிந்தால் முறிவு நெரிவு வைத்தியரிடம் போவோம். அவர் எண்ணெய் போட்டு உருவி விடுவார். வெள்ளைக்காரருக்கும் அப்படி வைத்தியர்கள் இருக்கிறார்கள், அதுவும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

வைத்தியர் வீட்டுக்கு எப்படிப் போவோமோ அப்படியே போனோம். நான் தோய்த்த வேட்டி ஒன்றைப் பையில் வைத்தேன். பவளம் சேலை உடுத்து, நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சி, போத்தலைத் துவாயில் சுற்றி எடுத்தாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினோம்.

அந்த இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவளின் பெயர் ஷெர்லி. நாற்பது வயது இருக்கும். இங்கிலிஷில் கதைத்ததை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

“இவ ஆர்?” என்று பவளத்தைக் காட்டிக் கேட்டாள்.

“என்ர மனுசி.”

“இவவும் உள்ளுக்கு வரப்போறாவோ?”

“வராமல்? எண்ணெய்ச் சூடு அவவுக்குத்தானே தெரியும்.”

ஷெர்லி சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். உள்ளிருந்து இரண்டு இளம் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் உடுத்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. பவளத்துக்கு முன்னமே விளங்கிவிட்டது. அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

அவளின் முகத்தைக் கண்டதும் ஷெர்லி சிரிப்பை நிறுத்தினாள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். என்ன வருத்தம் என்று கேட்டாள். சொன்னேன். அந்த வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கவில்லை.

“இஞ்சை உங்களுக்கு ஒருத்தராலும் ஒண்டும் செய்யேலாது” என்றாள். “மலையடியிலை, த பேசின் எண்ட ஊரிலை, ஹன்னா எண்டு ஒரு டச்சு மனுசி இருக்கிறா. எங்கட பிள்ளையள் உடம்பை வெறுத்துப் போய் நிக்கிற நேரம் அவவிட்டைத்தான் போறவை. தொடுகையைத் திரும்பப் பழக்கிறவ. அங்கை போங்கோ.”

வாழைப்பழத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டு வாசலில் பவளம் சொன்னாள்.

“நல்ல மனுசி. தேத்தண்ணியும் நல்ல சாயம்.”

ஆனால் அப்படி ஒரு வீட்டில் கிடைத்த விலாசத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. கராஜுக்கு வரும் கணக்காளர் ஒருவர், டை கட்டிய பெரிய மனிதர், சென்கில்டாவில் ஓர் ஆளைச் சொன்னார். அங்கே போனேன். தாடி, வெள்ளை அங்கி, ஊதுபத்தி, கழுத்தில் உருத்திராட்சம். சுவரில் நம் பிள்ளையார்! வெள்ளைக்காரன் வீட்டில் பிள்ளையாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. மாரிகாலம் முடியுமுன் எல்லாம் திரும்பி வரும் என்றான். பவளத்தை வெளியில் இருக்கச் சொன்னான். என்னைக் குப்புறப் படுத்துக் கண்ணை மூடி, வாய் பேசாமல் கிடக்கச் சொன்னான்.

அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான். மரத்த தோல் உள்ளவனுக்கு மற்றவன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கண்ணையும் மூடினால் அந்த மற்றவன் அறையிலேயே இல்லை.

வீட்டில் உடுப்பு மாற்றும்போது கதவைத் தட்டிவிட்டு வந்த பவளம் அப்படியே நின்றாள்.

“இஞ்சாருங்கோ, இது என்ன?”

“எது?”

“பின்னாலை கொப்பளிச்சுப்போய்க் கிடக்கு. எரியேல்லையோ?”

“என்ன எரியேல்லை?”

அவள் நிலத்தில் குந்தி அழுதாள். சுடுகல்லோ சுடெண்ணெயோ, அந்தத் தாடிக்காரன் எதையோ வைத்திருக்கிறான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது என்பது இப்போதும் நினைவில் இருக்கிறது.

கொப்பளத்துக்கு மருந்து கட்டிய இராசநாயகத்துக்குக் கோபம்.

“சூடு தெரியாது எண்டு அவனுக்குச் சொன்னனீங்களோ?”

“அவன் கேக்கேல்லை.”

“கேக்காதவனிட்டை ஏன் அண்ணை படுத்தனீங்கள்?”

பதிலுக்கு நான் ஷெர்லியின் கதையைச் சொன்னேன். அவரின் கோபம் போய்விட்டது. மருந்துத் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“உந்த இடத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டே போனனீங்கள்? எண்ணெய்ப் போத்தலோடை?”

“வாழைப்பழமும் கொண்டு போனது” என்றாள் பவளம்.

சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பேசின் மனுசி எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. போய் இருந்து கதையுங்கோ. படுக்கிறது அதுக்குப் பேந்து.”

மலையடிக்கு நல்ல தூரம். நானே காரை ஓட்டினேன். இருக்கை தெரியாமல் ஓட்டுவது பழகிவிட்டிருந்தது. உயர்ந்த மரங்களுக்குக் கீழே ஒரு பலகை வீடு, முற்றத்தில் கோழிகள். ஹன்னாவுக்கு என் வயது இருக்கும். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, பெரிய கை. குசினி மேசையடியில் எங்களை இருத்தினாள். உள்ளே ஒரு கட்டில் தெரிந்தது. அன்றைக்கு அதன் பக்கமே எங்களை விடவில்லை.

ஆள் எடுப்பதில் என்னை ஒருவரும் ஏய்க்க முடியாது. கராஜுக்கு வேலை கேட்டு வருகிறவனின் சான்றிதழை நான் வாசிப்பதில்லை, அந்த இங்கிலிஷ் எனக்கு ஒழுங்காக வாசிக்கவும் வராது. பழுதான கார் ஒன்றின் முன்னால் விடுவேன். நேரே கியர்பொக்ஸைக் கழற்றத் தொடங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். காரை ஓட்டினவரிடம் போய், என்ன சத்தம் கேட்டது, எப்போது கேட்டது என்று கேட்கிறவனுக்கு அந்த நேரமே வேலை. நான் எடுத்த ஆள் எவனும் பிழையாகப் போனது கிடையாது.

ஹன்னாவையும் அப்படித்தான் பார்த்தேன். என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“நான் டொக்டர் இல்லை. ஷெர்லி வீட்டு வேலையும் இஞ்சை இல்லை. அதை எதிர்பார்த்தால் இப்பவே சொல்லுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். உங்கட டொக்டரோடை நான் முதல் கதைக்கவேணும். எங்கை தொடலாம், எங்கை தொடக்கூடாது எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். நிப்பாட்டு எண்டால் நிப்பாட்டுவன், ஏன் எண்டு கேக்கமாட்டன். மறைக்கிற இடம் மறைச்சபடிதான். அது என்ர வேலையில்லை, உங்கட வீட்டுக்காரியம்.”

“எல்லாம் திரும்பி வருமோ?”

“தெரியாது. வரும் எண்டு சொல்லுறவனை நம்பாதேங்கோ.”

பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். எந்த இடம், எந்த விளிம்பு, சூடு தெரியுமா, ஈரம் தெரியுமா. ஓட்டினவனைக் கேட்கிறாள், சரியான ஆள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவள் கதிரையைத் திருப்பிப் பவளத்தைப் பார்த்தாள்.

“இவர் மரத்துப் போனதாலை உங்களுக்கு என்ன போனது?”

அதுவரை ஒருவரும் பவளத்திடம் அதைக் கேட்டதில்லை. பெரிய டொக்டர், நேர்ஸ், பிசியோதெரப்பிக்காரி, ஒருவரும் கேட்கவில்லை. நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சொல் வைத்திருக்கவில்லை. “கியர்பொக்ஸ் பழுதானால்…” என்று தொடங்கினேன்.

“எனக்கு விளங்கினது” என்றாள் பவளம். “நீங்கள் கியர்பொக்ஸை விடுங்கோ.” பிறகு என்னைப் பாராமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள். “இவரைத் தொட்டால், தெரியுதோ தெரியேல்லையோ எண்டு முகத்தைப் பாக்கவேண்டிக் கிடக்கு. பாத்தால் தெரியேல்லை எண்டு தெரியுது. அதைப் பாக்கப் பயத்திலை நான் கையை எடுத்திட்டன். என்ர கையும் செத்துப்போச்சு எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ.”

அதை நான் இங்கிலிஷில் சொன்னேன். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சொல்லும்போது எனக்கு ஒன்றும் வரவில்லை. இயந்திரம்போலச் சொன்னேன். ஹன்னா தலையை ஆட்டினாள்.

“அப்ப ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு” என்றாள்.

அடுத்த முறை போனபோது கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தாள். குப்புறப் படுத்தபடியே அவளின் கை போகும் இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. தொடமுதல் சொல்வாள். கையை நகர்த்தமுதலும் சொல்வாள். எண்ணெயைச் சூடாக்கித் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். பிறகு பவளத்தின் மணிக்கட்டில் விட்டாள். பவளம் “ஓம், சரி” என்ற பிறகுதான் என் தோலில். அது நாங்கள் கொண்டுபோன நல்லெண்ணெய். உள்ளி மணக்கிறது என்று ஹன்னா மூக்கைச் சுளித்தாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கண் மை தீட்டும் பென்சிலால் என் தொடையில் ஒரு கோடு கீறினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது. “நான் இந்தக் கோட்டுக் கரையிலைதான் வேலை செய்வன்” என்றாள். “டொக்டர்மார் ஊசியாலை நோவைத் தேடிப் பாத்தவை. அது அவையின்ர வேலை. நாங்கள் சுகத்தைத் தேடிப் பாப்பம்.”

அவள் சொன்ன சுகம் சின்னச் சின்னச் சாமான்களாக இருந்தது. கம்பளித் துணி. நனைத்த துவாய். பவளத்தின் சேலைத் தலைப்பு. எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று நான் சொல்லவேண்டும். எனக்கு எது பிடிக்கும் என்று அதுவரை ஒருவர் என் உடம்பைக் கேட்டதில்லை. அது பாரம் தூக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். முதல் கொஞ்ச நாள் எல்லாவற்றுக்கும் “தெரியாது” என்றேன். அவள் சலிக்கவில்லை. “தெரியாது எண்டதும் பதில்தான்” என்றாள்.

ஒரு நாள் சேலைத் தலைப்புக்கு “இது நல்லாயிருக்கு” என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. கண்ணாடியில் பவளத்தின் முகம் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது அவள்தான். ஹன்னா எப்போது கையை எடுத்துக்கொண்டாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹன்னாவின் கை குறைந்துகொண்டே போனது. பவளத்தின் கையை நடத்துவாள். பிறகு அதுவும் இல்லை, கதிரையில் இருந்து பார்ப்பாள். கடைசியில் கோழிக்குத் தீனி போடுகிறேன் என்று எழும்பி வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தவள், “இனி இவ்வளவு தூரம் வரத்தேவையில்லை” என்றாள். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான், காரைத் தன் கராஜில் வைத்திருக்க விரும்பமாட்டான்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தேட வேண்டிவந்தால், யார் சொல்லி அனுப்பினார் என்று பார்க்காதீர்கள். சுவரில் எந்தச் சாமி தொங்குகிறது என்றும் பார்க்காதீர்கள். உங்களைக் கேட்கிறாரா, நீங்கள் பார்க்கும்படி தொடுகிறாரா, உங்களோடு படுக்கிறவரையும் கேட்கிறாரா என்று பாருங்கள். நான் சொல்கிறேன், ஆள் பார்ப்பதில் நான் பிழை விடமாட்டேன். ஒரு முறை பிழை விட்டேன், அது பிள்ளையாரால்.

எல்லாம் வரவில்லை. பென்சில் கோடு ஒரு விரலளவு உள்ளே நகர்ந்தது, சில இடத்தில் அதுவும் இல்லை. குசினிக் கதிரை எனக்கு இன்றைக்கும் தெரியாது. குடும்ப விஷயம் முன்னைப்போல இல்லை, அது வேறொன்றாக ஆகிவிட்டது. அதற்கும் எங்களிடம் சொல் இல்லை.

மெத்தை மட்டும் திரும்பி வந்தது. அதை ஒருவரும் அறிவிக்கவில்லை. ஒரு நாள் வேலை விட்டு வந்து பார்த்தபோது பழைய இடத்தில் கிடந்தது.

விடியற்காலையில் பவளம் அந்தப் பென்சில் கோட்டுக் கரையில் கையை வைப்பாள். நான் படுத்திருப்பேன், ஒன்றும் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போவாள். நரம்பு சேதப்பட்டால் செய்தி மெதுவாகத்தான் வரும் என்று இராசநாயகம் சொல்லியிருக்கிறார். காலடிச் சத்தம் போகும். தண்ணீர்க் குழாய் திறக்கும். தேத்தண்ணிக் கேத்தில் நிரம்பும். அதற்குப் பிறகுதான் அவளின் கை எனக்கு வந்து சேரும், ஒரு சூடாக, அவள் வைத்த இடத்தில்.

அவள் குசினியில் நிற்பாள். நான் அசையாமல் கிடப்பேன், கை இன்னும் இருக்கும்.